நித்திரையில் வந்த மாப்பிள்ளை

காலை ஆறு இருபதுக்குத் திருநெல்வேலியில் வந்து இறங்கிய ஆவுடையப்பன், ஒன்பது ஐந்துக்குத்தான் திருநெல்வேலிக்கு வந்து சேர வேண்டும். இடைப்பட்ட இரண்டே முக்கால் மணி நேரம் அவன் எங்கேயும் இல்லை. அந்த நேரத்தை நான்காவது பிளாட்பாரத்துக் கழிவறையிலும் அதற்கு எதிரே கிடக்கும் சிமெண்டு பெஞ்சிலும் கழித்தான். ஐந்து மாதமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும்.

எட்டே முக்காலுக்கு முகம் கழுவினான். சட்டைப் பையிலிருந்து நீலச் சீப்பை எடுத்தான். அதன் நடுவில் மூன்று பல் கிடையாது. சீவினால் தலையில் ஒரு வரப்பு விழும்; அதைக் கையால் அழுத்திச் சமன் செய்ய வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டான். கண்ணாடியில் தெரிந்த ஆள் துக்க வீட்டிலிருந்து நேராக வந்தவன்போல் இருந்தான்.

ஒன்பது ஐந்துக்கு முதல் பிளாட்பாரத்தில் சென்னையிலிருந்து மின்னல் ரயில் வந்து நின்றது. ஆவுடையப்பன் மேம்பாலம் ஏறி இறங்கிக் கூட்டத்தில் கலந்தான். கலந்தான் என்பது அவனுடைய நம்பிக்கை. மின்னலில் இறங்குகிறவர்கள் அப்போதுதான் பிறந்து குளிப்பாட்டி விட்டதுபோல இறங்குவார்கள். யாரையும் இடிக்க மாட்டார்கள். காலை மிதித்தவனிடம்கூட "பரவாயில்லைங்க" என்பார்கள். அவர்கள் நடுவே அவன், இஸ்திரிக்குப் போடாமல் விட்டுப்போன சட்டை மாதிரி நடந்து வந்தான்.

வாசலில் மாமனார் சங்கரபாண்டியன் நின்றிருந்தார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்சுக்கு வந்து நின்ற ஆயிரக்கணக்கான பேரை எட்டுப் போட வைத்து, பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியவர். மனிதர்களைப் பார்த்தாலே முதலில் எங்கே ஆட்டம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

"வாங்க மாப்ளே. தூக்கம் நல்லாப் பிடிச்சுதா?"

"எட்டு மணி நேரம் மாமா."

"கண்ணு செவந்திருக்கே."

"ஏசி மாமா."

சங்கரபாண்டியன் அவனைத் தோளோடு சேர்த்துக்கொண்டார். பாசம்போலத்தான் தெரியும். ஆனால் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. ஐந்து மாதமாக மோந்து பார்க்கிறார், வாசனை மட்டும் சிக்கவில்லை. வாசனை வராமல் குடிக்கிற அளவுக்குத் தேர்ந்த ஆள் என்று மாப்பிள்ளைமீது அவருக்கு ஒருவிதப் பயமே வந்திருந்தது.

விஷயம் இவ்வளவுதான். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இரண்டு ரயில்கள் ஓடின. மின்னல் ஒன்றரை மணி நேரத்தில் போகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எட்டு மணி நேரத் தூக்கத்தையும் தலையணை வழியாக ஏற்றிவிடும். நித்திரை ராத்திரி முழுக்கப் போகும். அதற்கு டிக்கெட்டே கிடையாது. மின்னலில் ஏறுகிற தூக்கம் எங்கிருந்தாவது வரவேண்டும் அல்லவா? அது நித்திரையில் படுத்திருப்பவர்களிடமிருந்து வந்தது. இரண்டையும் நடத்தியது ஒரே கம்பெனி. ஒரு வண்டியில் இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். 'தூக்கம் பகிர்வோம்' என்று இரண்டு வண்டிகளிலும் எழுதியிருந்தது. பகிர்கிறவர்கள் எந்த வண்டி என்று மட்டும் எழுதவில்லை.

நித்திரையில் படுத்தால் தூக்கம் வரும். கண்ணை மூடித் திறந்தால் திருநெல்வேலி. ஆனால் உடம்பு, இரவு முழுக்க மூட்டை தூக்கியதுபோல் இருக்கும். கனவு கண்டிருந்தாலும் ஒன்றும் ஞாபகம் வராது. ஆம்னி பஸ்ஸில் வரலாமே என்றால், அவர்களும் போன தீபாவளிக்குத் தலையணை போட்டுவிட்டார்கள்.

ஆவுடையப்பன் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். பெண் பார்க்க வந்த சமயம், திருநெல்வேலித் துணிக்கடை ஒன்றின் லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டதால் கம்பெனி செலவில் மின்னலில் வந்திருந்தான். "எங்க மாப்ள மின்னல்லதான் வருவாரு" என்று சங்கரபாண்டியன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுத்துச் சொல்ல ஆவுடையப்பனுக்கு ஒரு நல்ல நேரம் அமையவில்லை. கல்யாணத்தன்று சொல்ல முடியாது. வளைகாப்பன்று சொல்ல முடியாது. பிரசவத்துக்கு மனைவி பிறந்த வீட்டுக்கு வந்த பிறகு, வாரா வாரம் ஸ்டேஷனுக்கே வந்து நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டதும் மாமனார் எழுந்தார்.

"வாங்க, ஒரு எட்டு நடை போடுவோம். சுகருக்கு நல்லது."

"எனக்குச் சுகர் இல்லையே மாமா."

"வராம இருக்கதுக்குத்தான்."

வாசலில் சுண்ணாம்பால் எட்டு வரைந்திருந்தது. தெருவில் பாதி வீடுகளில் அப்படி உண்டு. எட்டுப் போட்டு நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று எல்லோரும் நடந்தார்கள். ஆனால் மற்ற வீட்டு எட்டுகள் தாராளமானவை. இது அளவெடுத்து வரைந்தது. மூன்று வாரமாக மாமனார் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். ஆவுடையப்பன் முதல் வளைவைச் சமாளித்தான். இரண்டாவது வளைவில் கண் ஒரு நொடி மூடியது. திறந்தபோது செம்பருத்திச் செடிக்குள் நின்றிருந்தான்.

சங்கரபாண்டியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்தில் ஃபெயில் போடுவதற்கு முன் அப்படித்தான் துடைப்பாராம்.

உள்ளே மனைவி பிரமு குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்திருந்தாள். ஆவுடையப்பன் கட்டிலில் உட்கார்ந்து, மகளை மடியில் வாங்கி அவள் கால் விரலைத் தொட்டான். அடுத்து அவனுக்குத் தெரிந்தது, பிரமு அவன் தோளைப் பிடித்து உலுக்கியது.

"நீங்க எங்களப் பாக்க வாறியளா, எங்க வீட்டுத் தலகாணியப் பாக்க வாறியளா?"

"ரெண்டு நிமிசம் கண்ணசந்துட்டேன்."

"ரெண்டு மணி நேரம் ஆச்சு. பிள்ளைய மடில வச்சிக்கிட்டுத் தூங்குதிய. நான் பாக்காம இருந்தா உருட்டி விட்டிருப்பிய." அவள் குரல் இறங்கியது. "அப்பா சொல்லுதாங்க, மூணாம் மாசம் அனுப்ப முடியாதாம். அஞ்சு பாப்போம், ஏழு பாப்போம்னு சொல்லுதாங்க. எனக்கு ஒரு பதில் மட்டும் சொல்லுங்க. குடிக்கியளா?"

"இல்ல பிரமு."

"பின்ன என்ன?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து மாதப் பொய்யை அவிழ்க்கக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு அந்நேரம் ஸ்டேஷன் குளிர்பதனக் கிடங்கில் லேபிள் ஒட்டி இருந்தது.

"வேலை ஜாஸ்தி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இரவு நித்திரையில் ஏறினான். பெட்டிப் பொறுப்பாளர் ஜெபராணி தலையணை உறை மாற்றிக்கொண்டு வந்தாள். நாசரேத்துக்காரி, வாராவாரம் பார்த்துப் பழக்கம்.

"என்ன சார், மாமனார் இந்த வாரம் மார்க் போட்டாரா?"

"ஃபெயில்."

"நீங்க ஒரு வாரம் வராம இருந்தாத்தான் பாஸ் ஆவிய."

"வராட்டா ஆளே இல்லம்பாங்க." அவன் தலையணையைத் தட்டினான். "இந்தச் சரக்கு எத்தன நாள் தாங்கும்?"

"ஒரு வாரம். நீங்க நெல்லையில எறக்குறது நெல்லையில பொறப்படுற மின்னல்ல போகும். சென்னையில எறக்குறது சென்னை மின்னல்ல. கனவ மட்டும் வடிகட்டிருவாங்க."

"முழுசாவா?"

ஜெபராணி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எதிர் பெர்த்தில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் போகுது. போன மாசம் ஒரு பெரிய ஆபீசர் கம்ப்ளெயிண்ட் குடுத்தாரு. கனவுல விடிய விடியப் பரோட்டா அடிச்சாராம். எந்திரிச்ச பொறவும் தோள்பட்ட வலி நிக்கலயாம். கம்பெனி மன்னிப்புக் கேட்டு எழுதிச்சு."

"பரோட்டா மாஸ்டருக்கு?"

"அவருக்கு என்னத்துக்கு எழுதணும்? அவரு கம்ப்ளெயிண்ட் குடுக்கலயே."

பக்கத்துப் பெட்டியில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பிள்ளைகளுக்கும் தலகாணி உண்டா?"

"மூணு மாசம் முடிஞ்சா உண்டு." உறையின் மடிப்பை அவள் தேவைக்கு மேல் இரண்டு முறை நீவினாள். "அதுதான் முதல் தரம். கலப்படம் இருக்காதுல்லா."

அவள் போய்விட்டாள். ஆவுடையப்பன் விழித்திருக்கலாம் என்று பார்த்தான். தலையணை விடவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடி லிஃப்டுக்குள் ஸ்பேனரோடு நின்றிருந்தபோது போன் வந்தது.

"மாப்ளே, நான் உங்க ரூம் வாசல்ல நிக்கேன்."

சங்கரபாண்டியன் சோதனைக்கு வந்திருந்தார். அவன் ஓடிவருவதற்குள் கீழ்வீட்டுக்காரரை விசாரித்து, குப்பைத்தொட்டியைக் கிளறி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்வரை பார்த்து முடித்திருந்தார். காலிப் பாட்டில் ஒன்று சிக்கியிருந்தது. அது சொட்டு மருந்துப் பாட்டில்.

அவரைத் தெருமுனை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனான். மாமனார் முகம் பளபளவென்று இருந்தது. முதல் தடவையாக மின்னலில் வந்திருக்கிறார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு தடவையாவது போகவேண்டும் என்று ஆசைப்பட்டு, போகவர டிக்கெட் எடுத்துவிட்டாராம். காபி வந்தது. அதைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நல்லாத் தூங்குனேன் மாப்ளே. இருவது வருசத்துல இப்படித் தூங்கல."

"சந்தோசம் மாமா."

"ஒரு கனவு வந்துது."

ஆவுடையப்பன் தலை நிமிரவில்லை.

"ஒரு கக்கூஸ்ல நின்னு தல சீவிக்கிட்டிருக்கேன். ரயில்வே ஸ்டேஷன் கக்கூஸ்னு நெனைக்கேன், கொழாய் மூடவே மாட்டேங்கு. நீலச் சீப்பு. நடுவுல பல்லு இல்ல. எவ்வளவு சீவுனாலும் தலயில ஒரு கோடு விழுது. அதக் கையால அமுக்குதேன், அமுக்குதேன், போகமாட்டேங்கு. வெளிய வந்தா நம்ம வீட்டு வாசல். எட்டுப் போட்டிருக்கு. அந்தக் கடைசில நம்ம பிள்ள அழுதா. நடந்து போய்த் தூக்கணும். நானும் நடக்கேன். எட்டுக்கு முடிவு ஏது? சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கு. ஓரத்துல நாற்காலி போட்டு ஒருத்தன் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். எந்திரிச்சு அந்தப் பிள்ளையத் தூக்குலே மூதேவின்னு கத்தணும்போல இருக்கு. வாய் வரல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முப்பத்தொரு வருசம் அந்த நாற்காலில நான்தான் மாப்ளே உக்காந்திருக்கேன். எட்டுக்குள்ள நின்னு அதப் பாத்ததில்ல."

மெஸ்ஸில் யாரோ அப்பளம் கேட்டார்கள். ஆவுடையப்பனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சீப்பின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே அழுத்தினான். சங்கரபாண்டியன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப நேரம் படித்தார். போன வருடக் காலண்டர்.

"ஒங்க ஆபீஸ்ல சனிக்கிழம லீவுதான?" என்றார் கடைசியில்.

"ஆமா மாமா."

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சனிக்கிழமை காலை ஏழரை மணி மின்னல். அவருடைய திரும்புகிற டிக்கெட். "இதுல நீங்க வாங்க. எனக்கு இங்க வெள்ளிக்கிழம வரைக்கும் ஒரு சோலி இருக்கு. முடிச்சிட்டு ராத்திரி வண்டில போயிருதேன்."

"வேண்டாம் மாமா. அந்த வண்டி—"

"தெரியும்."

"ஒங்க வயசுக்கு ஒத்துக்காது."

"நான் வேலைக்கா போகணும்? வீட்ல கெடந்து தூங்குதேன்." அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னொண்ணு. பிரமுட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம். தெருவுல நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமைவரை அவருக்கு ஒரு சோலியும் இல்லை. அறையில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் ஃபேன் சத்தத்தைச் சரிசெய்தார். வெள்ளி ராத்திரி புறப்படும்போது, "அந்தச் சீப்பக் குடுங்க, நான் கொண்டுவரல" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆவுடையப்பன் மின்னலில் உட்கார்ந்தான். இருக்கை அவனைக் கேட்காமலேயே சாய்ந்துகொடுத்தது. யாருடைய தூக்கமோ என்று ஒரு நொடி நினைத்தான். அதற்குமேல் நினைக்க அது விடவில்லை.

கனவில் ஒன்றுமே நடக்கவில்லை. சொல் ஒன்றுகூட இல்லை. வெதுவெதுப்பாக ஒரு வெளிச்சம். பால் வாசனை. மேலே ஒரு பெரிய முகம் குனிந்து வருகிறது, விலகுகிறது, மறுபடி வருகிறது. வரும்போதெல்லாம் உடம்பு முழுக்கச் சிரிக்கிறது. பயம் என்ற ஒன்றே அங்கே இல்லை. பிறகு அந்த முகம் வரவில்லை. எங்கோ தண்டவாளச் சத்தம் மட்டும்.

விழித்தபோது கோவில்பட்டி தாண்டியிருந்தது. உடம்பில் ஒரு வலி இல்லை. கண்ணாடி ஜன்னலில் பார்த்தான். கன்னத்தில் வெளிச்சம் இருந்தது. பரிசாரகப் பெண் வந்து, "தூக்கம் திருப்தியா சார்? இன்று உங்களுக்கு முதல் தரம்" என்றாள். அவள் நீட்டிய தாளில் ஐந்து நட்சத்திரம் போட இடம் இருந்தது. அவன் பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தான். மனிதன் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகு, எதையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அதுதான் அதில் உள்ள கஷ்டம்.

ஒன்பது ஐந்துக்கு இறங்கினான். யாரையும் இடிக்கவில்லை. வாசலில் சங்கரபாண்டியன் நின்றிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். சட்டைப் பித்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. நரைத்த தலையில் துல்லியமாக ஒரு வரப்பு.

"வாங்க மாப்ளே" என்று சொல்லித் தூணைப் பிடித்துக்கொண்டார். "தூக்கம் பிடிச்சுதா?"

"பிடிச்சுது மாமா." பிறகு சொன்னான்: "கைப்பிள்ளையோடது."

சங்கரபாண்டியன் ஸ்டேஷனுக்குள் திரும்பிப் பார்த்தார். நான்காவது பிளாட்பாரத்தில் ராத்திரி வந்த வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பிள்ளைய அதுல ஏத்தக் கூடாது" என்றார்.

"இதுலயும் வேண்டாம் மாமா."

வீட்டு வாசலில் பிரமு குழந்தையோடு நின்றாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அப்பாவின் கால் படியைத் தேடுவதையும் பார்த்தாள். கிட்டே வந்து லேசாக மோந்தாள்.

"யப்பா, மெட்ராஸ்ல போயி என்ன பண்ணுனிய?"

"ஏசி தாயி" என்றார் சங்கரபாண்டியன்.

"அவங்களும் இதத்தான் சொல்லுவாங்க."

"மாப்ள சுத்தம். நான் நேர்ல போய்ப் பாத்துட்டேன். மூணு முடிஞ்சதும் நானே கொண்டுவந்து விடுதேன். ரயில்லாம் வேண்டாம். நம்ம கார்ல, காலைல பொறப்பட்டு மெதுவா, நின்னு நின்னு போவோம்."

"பகல் முழுக்க ஆகுமே."

"ஆகட்டும்."

பிரமு அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் மகள். "நீங்க ஓட்டுறதா இருந்தா, மொதல்ல எட்டுப் போட்டுக் காட்டுங்க" என்றாள். குழந்தையை ஆவுடையப்பனிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சங்கரபாண்டியன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டில் கால் வைத்தார். முதல் வளைவை நன்றாகவே திரும்பினார். இரண்டாவது வளைவில் செம்பருத்திச் செடி அவருக்காகக் காத்திருந்தது.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை, அசையவும் இல்லை. மகள் அவன் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தாள். கழுத்தில் அவள் மூச்சு சூடாகப் பட்டது. கனவில் குனிந்து வந்த அந்தப் பெரிய முகம், இந்நேரம் எந்த ஊரில், தன் பிள்ளை ஏன் இப்படிச் சிணுங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறதோ தெரியாது. செடிக்குள்ளிருந்து மாமனார் கை நீட்டினார். வலது கையைக் கொடுத்தான். இடது கையால் மகளின் காதைப் பொத்திக்கொண்டான். அவள் விழித்துவிடக் கூடாது.